துளைக்கேற்ற தண்டு

விளக்குத்தண்டுப் பட்டறையில் முதலாளியின் மாப்பிள்ளை ஜெகதீசன்தான் மேஸ்திரி. மாப்பிள்ளை வழவழவென்று கடைந்துவைத்த தண்டில் ஒயர் போகத் துளையிட்டால், துளை பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வந்தது. பழி துளையிட்ட கடைசல்காரன் இருளாண்டி மேல்.

"சாயங்காலத்துக்குள்ள நட்டநடுவுல துளை போடு. இல்லன்னா நடையைக் கட்டு" என்றார் முதலாளி.

இருளாண்டி கடையாத கட்டையில் துளையிட்டான். அது மறுமுனையில் ஓரமாக வந்தது.

"கோணலா போச்சேடா!" என்று மாப்பிள்ளை குதித்தார்.

இருளாண்டி துளையின் இரு வாய்களிலும் லேத்து முனைகளைக் கொடுத்து, துளையையே அச்சாக்கிக் கட்டையைச் சுழலவிட்டுக் கடைந்தான். வேண்டாத மரம் சுருளாக உதிர, துளை நடுவில் நின்றது.

"எப்படிடா?" என்றார் முதலாளி.

"முதல்ல துளை, அப்புறம் துளைக்கேத்தாப்ல மரத்தைக் கடையணும் முதலாளி. மாப்பிள்ளைக்கு மினுக்குதான் முதல்ல."

இருளாண்டியின் வேலை தப்பியது. மறுநாள் சுவரில் மாப்பிள்ளை எழுதிய பலகை தொங்கியது: 'ஜெகதீசன் முறை. முதலில் கடைசல், பிறகு துளை.'

இருளாண்டி அதை வாசித்தான். திருத்தவில்லை.