ஐந்தாவது யூனிட்

பேராசிரியர் அந்தோணிமுத்துவிடம் சந்தேகம் கேட்கப் போகிறவர்கள் குறைவு. கேட்ட கேள்விக்குப் பதில் வராது, வேறு ஏதாவது வேலைதான் வரும் என்று மெக்கானிக்கல் துறையில் எல்லோருக்கும் தெரியும். மாரிச்செல்வத்துக்கும் தெரியும். ஆனால் எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பாடத்தைத் தேர்வு செய்ய அன்று மாலைதான் கடைசி. மதிப்பெண் கொஞ்சம் சறுக்கினாலும் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனி அவனைக் கூப்பிடாது.

அவர் ஆய்வகத்தில் கையெல்லாம் கிரீஸோடு இருந்தார்.

“சார், எந்த எலெக்டிவ் எடுக்கட்டும்?”

“நீ எதைப் பார்த்து வச்சிருக்க?”

“உங்க அழுத்தக்கலன் பாடம்தான் சார், டேங்க், சிலிண்டர் எல்லாம் வடிவமைக்கறது. அதுல மார்க் அள்ளலாம்னு சீனியருங்க சொல்றாங்க.”

“என் பாடத்துலயா?”

“அஞ்சாவது யூனிட்டை சாய்ஸ்ல விட்டுடலாமாம் சார். மத்த நாலையும் உருப்போட்டாப் போதுமாம்.”

கேள்வித்தாளில் ‘இது அல்லது அது’ என்று இருக்கும். அதைக் கணக்குப் பார்த்து ஒரு பகுதியைத் தொடாமலே விடுவதற்குத்தான் சாய்ஸில் விடுவது என்று பெயர். நம் ஊரில் இதைச் செய்யாமல் இன்ஜினியர் ஆனவர் யாருமில்லை. செய்யவில்லை என்பவர் கூசாமல் பொய் சொல்கிறார்.

“அஞ்சாவதுல என்ன இருக்கு?”

“சோதனை முறைகள்னு நினைக்கிறேன் சார்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு சோடா பாட்டில்களை எடுத்தார். பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒன்றில் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பி, கை பம்பின் குழாயை மாட்டினார். இன்னொன்றைக் காலியாகவே வைத்து, காற்றடிக்கும் கம்ப்ரசரின் குழாயை மாட்டினார். இரண்டையும் மேசையின் இரு ஓரங்களில் நிறுத்தினார்.

“ரெண்டுலயும் ஒரே அளவு அழுத்தம் ஏத்தப் போறேன், உடையற வரைக்கும். நீ எதுக்குப் பக்கத்துல நிப்ப?”

“எதுவானா என்ன சார். அழுத்தம் ஒண்ணுதானே.”

மாரிச்செல்வம் காலி பாட்டில் பக்கமாகப் போய் நின்றான். அங்கேதான் தரை ஈரமில்லாமல் இருந்தது.

அவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தடுப்புச் சுவருக்குப் பின்னால் போனார். முதலில் பம்பை அடித்தார். தண்ணீர் பாட்டில் ‘தப்’ என்று கிழிந்து, மேசையை நனைத்துவிட்டு அடங்கியது. பிறகு கம்ப்ரசரைத் திறந்தார்.

அந்தச் சத்தம் மாரிச்செல்வத்தின் நெஞ்சில் வந்து மோதியது. காது அடைத்துப்போய், எட்டிப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. அவன் முதலில் நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த அட்டைப் பலகையில் பாட்டிலின் துண்டு ஒன்று செருகிக்கொண்டு நின்றது.

“தண்ணி அமுங்காது. கிழிஞ்சா அதோட ஓய்ஞ்சிடும். காத்து அமுங்கி உள்ளயே உட்கார்ந்திருக்கும். வழி கிடைச்சா மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வரும். அஞ்சாவது யூனிட்ல முதல் பக்கமே இதுதான்.”

அவன் பலகையில் செருகியிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தான்.

“லிங்கேசன்னு ஒரு பையன் எங்கிட்டப் படிச்சான். டேங்க் செய்யற கம்பெனில வேலை கிடைச்சது. ஒரு கோடையில பெரிய டேங்க் ஒண்ணு அவசரமா லோடு ஏத்தணும். அதைச் சோதிக்கத் தண்ணி லாரி வரல. காத்தை நிரப்பிச் சோதிங்க, ரெண்டும் ஒரே அழுத்தம்தானேன்னு சொல்லிட்டுப் போன் பேச வெளிய போனான்.”

“டேங்க் கிட்ட யார் சார் இருந்தது?”

“வெல்டர் காஜா மைதீன். ஹெல்ப்பர் சந்தனம். வெல்டிங் தையல்ல கசிவு இருக்கான்னு சோப்புத் தண்ணி தடவிக்கிட்டு இருந்தப்ப டேங்க் வெடிச்சது. சந்தனத்தை அவர் செருப்பை வச்சுத்தான் அடையாளம் பார்த்தாங்க.”

“லிங்கேசன் உங்க பாடத்தை எடுக்கலையா சார்?” என்றான் மாரிச்செல்வம்.

“எடுத்தான். தொண்ணூத்தொரு மார்க். அஞ்சாவது யூனிட்டை விட்டுட்டான். எழுதினதெல்லாம் சரியா இருந்தது, நான்தான் திருத்தினேன்.”

அவர் பாட்டில் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். மாரிச்செல்வத்துக்குக் கோபம் வந்தது. அது யார் மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

“எனக்கு மார்க் வேணும் சார். எங்க வீட்டுக்கு நான் ஒருத்தன்தான்.”

“காஜா மைதீனும் சந்தனமும் அவங்கவங்க வீட்டுக்கு ஒருத்தர்தான்.”

“அப்ப உங்க பாடம் வேண்டாம் சார். நான் வேற எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்கோ.”

“எதை எடுக்கட்டும்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எதைச் சாய்ஸ்ல விட்டாலும் யாரும் சாகாத பாடம் ஒண்ணு இருந்தா, அதை எடு.”

மாரிச்செல்வம் போனைத் திறந்து பாடங்களின் பெயர்களை மேலிருந்து வாசித்தான். லிஃப்ட், பிரேக், கொதிகலன், கிரேன். கடைசிப் பெயர் வரை வந்தான். மறுபடி மேலே போனான்.