ஐந்தில் மூன்று பங்கு ஆள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: தென் கரோலினாவின் நத்தானியேல் குரோவ், மாசசூசெட்ஸின் எபனேசர் தார்ன், பென்சில்வேனியாவின் ஐசக் ஹோல்ட், அவர்களுக்குத் தேநீர் ஊற்றிய சைரஸ். மூவர் இருந்ததாகவே பிறகு சொன்னார்கள். நான் நால்வர் என்கிறேன்.

1787ஆம் ஆண்டுக் கோடை, பிலடெல்பியா நகரம். புதிய நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத வந்த பிரதிநிதிகள் அம்மூவரும். பேச்சு வெளியே கேட்கக் கூடாதென்று சன்னல்களை அடைத்துக்கொண்டு வியர்த்தார்கள். மக்கள் மிகுந்த மாநிலத்துக்குச் சபையில் இடங்களும் மிகும் என்பது முடிவாகியிருந்தது. மக்கள் என்றால் யார் என்பது முடிவாகவில்லை.

சைரஸ், குரோவின் அடிமை. குரோவின் மாநிலத்தில் அடிமைகள் ஏராளம்; தார்னின் மாநிலத்தில் இல்லை. விடுதலை பெற்ற கறுப்பர்கள் பலர் அந்நகரில் வாழ்ந்ததால், குரோவ் அவரைத் தனியே தெருவுக்கு அனுப்பியதில்லை.

"சைரஸும் மனிதன்தான். முழுதாக எண்ணுங்கள்," என்றார் குரோவ்.

"அப்படியானால் வாக்களிப்பானா?" என்றார் தார்ன்.

"அவன் என் உடைமை, ஐயா. உடைமை எங்காவது வாக்களிக்குமா?"

"உமது உடைமைக்கு இடம் உண்டென்றால் என் பசுக்களுக்கும் ஒதுக்கும். சபையில் அவை உம்மைவிட அடக்கமாக இருக்கும். இவனை எண்ணவே கூடாது."

ஹோல்ட் குறுக்கிட்டார். "கூட்டம் கலைந்தால் நாடே இல்லை. இவனைப் போன்றவர்களில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணுவோம்."

அடிமை என்று எழுத அவர் கை கூசியது. 'மற்ற ஆட்கள்' என்று எழுதினார். ஆளைப் பங்கு போட மட்டும் அந்தக் கை கூசவில்லை.

"சைரஸ், உனக்குச் சம்மதம்தானே?" என்று தார்ன் சிரித்தார்.

"அவனுக்குச் சம்மதம்," என்றார் குரோவ், சைரஸ் வாய் திறக்கும் முன்.

ஒருவர் முழு மனிதன் என்றார். ஒருவர் எண்ணாதே என்றார். ஒருவர் நாட்டைக் காக்கப் பங்கு போட்டார். சைரஸுக்குத் தீங்கு குறைந்த வழியைச் சொன்னவர் இவர்களில் யார்?

விடை: தார்ன். முழுதாக எண்ணியிருந்தால், சைரஸின் பெயரால் குரோவின் தரப்புக்கே இடங்கள் கூடியிருக்கும். அவற்றில் அமர்ந்தவர்கள் சைரஸைக் கட்டிவைக்கும் சட்டங்களையே இயற்றியிருப்பார்கள். அந்த மரியாதைதான் முழுக் கைவிலங்கு. ஹோல்ட் தந்தது அதில் ஐந்தில் மூன்று பங்கு. ஆனால் தார்னைப் பாராட்ட வேண்டாம். அவர் கவலை தம் மாநிலத்து இடங்கள் மட்டுமே. தப்பியோடும் அடிமையை எந்த மாநிலமும் பிடித்துத் தர வேண்டும் என்று குரோவ் அடுத்த விதியைக் கேட்டபோது, தார்ன் மறுக்கவில்லை. ஹோல்ட் பேனாவை மையில் தோய்த்தார். அவ்விதி தாளில் ஏறுவதற்குள் சைரஸ் கதவைத் திறந்து, தனியே தெருவுக்கு நடந்தார்.