பாசி படியாத கல்

அந்த மடத்தை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது உளிச் சத்தம்தான். மணியோ பாட்டோ அல்ல. சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உளி கருங்கல்மேல் விழும். நிற்கும். மறுபடி விழும். மடத்துப் பள்ளியில் நான் பாடம் நடத்திய வருஷங்கள் முழுக்க அந்தச் சத்தம் இருந்தது.

செதுக்கியவர் சிற்சபேசன். பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து, வேலையை விட்டுவிட்டு மடத்துத் தலைவரான சாமியிடம் வந்தவர். அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தார். மடம் கிராமங்களில் போட்ட கைப்பம்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஊருணித் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்த ஊர்கள் அவை.

ஒவ்வொரு பம்பின் அடியிலும், குடம் வைக்கிற இடத்தை ஒட்டி, ஒரு கல் பதிப்பார். அதில் சாமியின் பாதங்கள் இருக்கும். அளவு பிசகக் கூடாது என்று ஒவ்வொரு கல்லின்மேலும் சாமியையே ஏறி நிற்கச் சொல்லிச் சாக்கட்டியால் சுற்றி வரைவார். கால் கூசி சாமி சிரிப்பார்.

இன்னும் நிறைய ஊர்களுக்குப் பம்பு போடுவதாக இருந்தது. கொட்டகையில் கற்கள் தயாராக அடுக்கியிருந்தன. அப்போதுதான் சாமி, "அதுக்கு முன்னாடி நம்ம வேலையை வெளி ஆள் ஒருத்தர் பார்க்கட்டும்" என்றார்.

தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா வந்தாள். இப்படிப் பார்த்துச் சொல்வதே அவள் தொழில். மடத்தோடு முன்பின் பழக்கமில்லாதவள். ஜீப் வேண்டாம் என்று பஸ்ஸில் போனாள். ஊர்களில் கிடைத்த வீட்டில் தங்கினாள். கருவாடு சாப்பிடுகிறாள் என்ற சேதி மட்டும் மடத்துக்கு வந்தது.

மழைக்கு முன் திரும்பி வந்து சாமி எதிரே உட்கார்ந்தாள். சிற்சபேசனும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

"பம்பு எல்லாம் நல்லா இருக்கு. தண்ணியும் நல்ல தண்ணி. குடிக்கத்தான் யாரும் எடுக்கல."

சிற்சபேசன் சிரித்தார். "நான் மாசாமாசம் போறேன் மேடம். ஒரு இடத்துல குப்பை கிடையாது. இதுவரைக்கும் ஒரு பம்புகூடப் பழுதானதில்ல."

"ஆமா சார். பாசிகூட இல்ல. தண்ணி புழங்குற இடத்துல ஒரு வாழையாவது நிக்கும். அதுவும் இல்ல."

அவர் சிரிப்பு நின்றது.

"செருப்பைக் கழட்டிட்டுத்தான் கிட்ட போறாங்க. மீன் கழுவின கையோட போக மாட்டாங்க. பிள்ளைத் துணி அலச மாட்டாங்க. வீட்டுக்குத் தூரமான பொம்பளை அந்தப் பக்கமே வர மாட்டா. சாமி பாதம் இருக்கே. எதுக்கு வம்புன்னு எல்லாரும் எப்பவும் ஊருணிக்கே போயிடுறாங்க."

"ஒருத்தருமே எடுக்கிறதில்லையா?" என்றார் சாமி.

"வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு வந்து ஒரு சொம்பு பிடிக்கிறாங்க, பூஜைக்கு. பிள்ளைக்கு வயித்தால போனா அதுல ஒரு கரண்டி கொடுக்கிறாங்க. தீர்த்தம்னு."

"சாவு?"

"குறையல சாமி. கீழப்பனையூர்ல நான் தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு. பொம்பளப் பிள்ளை. நடக்க ஆரம்பிச்சிருந்துச்சு."

வெளியே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்தவளிடம் சாமி சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

"இங்க கருவாடு கிடைக்காது" என்றார் சிற்சபேசன்.

"தெரிஞ்சுதான் சார் ஊர்லயே சாப்பிட்டு வந்தேன்."

அவள் போனதும் சிற்சபேசன் கேட்டார். "நேத்து வந்தவ சொல்றதை நம்புறதா சாமி? இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல."

"நீ போனா என்ன செய்வாங்க?"

"கால்ல விழுவாங்க."

"அப்புறம்?"

"விபூதி வாங்கிக்குவாங்க."

"பம்பைப் பத்தி?"



மறுநாள் சாமி அவரைக் கீழப்பனையூருக்குக் கூட்டிப் போனார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாமி போகிறார் என்று நானும் பள்ளிப் பிள்ளைகள் சிலரும் கூடவே போயிருந்தோம்.

பம்படியில் நின்று சிற்சபேசன் சொன்னார். "என்னால முடியாது சாமி. கல்லைப் பேத்து எடுத்துக்கறேன். மடத்துல வச்சுக் கும்பிட்டுக்கறேன்."

"பேத்தா குழி விழும். இவங்க குழியையும் கும்பிடுவாங்க. கொத்திச் சமமாக்கு."

சிற்சபேசன் உட்கார்ந்தார். முதலில் விரல்களைக் கொத்தினார்.

ஊர் கூடிவிட்டது. முன்னால் நின்ற ஒரு கிழவி, "இது அடுக்குமா சாமி? அந்த ஆளுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள்.

"நான்தான் தாயி கொத்தச் சொன்னேன்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். அந்தக் கருவாட்டுப் பொண்ணுகிட்ட."

கிழவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அவ மடத்து ஆள் இல்லைன்னு சொன்னா. அதான் சொன்னோம்."

"தெரியும் தாயி. இப்ப கழட்டி வச்ச செருப்பைப் போட்டுக்கிட்டுக் கல்லு மேல ஏறு."

அவள் ஏறவில்லை. அன்று யாரும் ஏறவில்லை.

உளி கொட்டகையில் கேட்ட அதே சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. வெயில் ஏறியது. சாமி நிழலுக்குப் போகாமல் பக்கத்திலேயே குந்தியிருந்தார். கல்துகள் அவர் வேட்டியில் படிந்தது. ஒரு குதிகால் மட்டும் மிச்சம் இருந்தபோது சிற்சபேசன் நிறுத்தினார். முகத்தைத் துண்டால் துடைத்தார். அது வியர்வை மட்டுமல்ல.

"முதல் கல்லுலயே நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே சாமி."

சாமி தன் காலைப் பார்த்தார். பித்தவெடிப்பு நிறைந்த வயதான கால்.

"எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார்.

சிற்சபேசன் உளியை மறுபடி கல்லில் வைத்தார். குதிகாலையும் கொத்தினார்.

மற்ற ஊர்க் கற்களையும் அவரே போய்க் கொத்திச் சமமாக்கினார். அடுத்த கோடைக்குள் பம்புகள் பழுதாகத் தொடங்கின. தினமும் அடித்து அடித்து வாஷர் தேய்ந்துவிட்டது என்று ஊர்களிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டார்கள். சாமி காலமான பிறகும் சிற்சபேசன் சைக்கிளில் போய் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் போன பிறகு கீழப்பனையூரிலேயே தங்கிவிட்டார். போன மார்கழியில் அங்கே இறந்தார்.