சத்தத்தை அணைத்துப் பார்த்த வீடியோ

வைகுந்தன் இருபத்தாறு வருஷம் பத்திரிகையில் பிழை திருத்தியவர். ஓர் ஒற்று விட்டுப்போனால்கூட அன்றைக்குச் சோறு இறங்காது. பத்திரிகையை மூடியதும், ஐம்பத்து நான்கு வயதில், திருச்சியில் பியாட்ரிஸிடம் சீடராகச் சேர்ந்தார்.

குருவுக்கு முப்பத்தாறு வயதுதான். குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பியவர். போர் நடக்கிற ஊர்களிலிருந்து வரும் வீடியோக்களில் எது நிஜம், எது போலி என்று பார்த்துச் சொல்வதுதான் அவருடைய அலுவலகத்தின் வேலை.

முதல் நாளே குரு சொன்னார்: "முதல்ல சத்தத்தை அணைச்சிட்டுப் பாருங்க சார். அழுகை காதுல விழுந்தா கண்ணு வேலை செய்யாது."

சீடர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தால் குரங்குப்பிடி.

ஒரு காலையில் குரு பல் பிடுங்கப் போயிருந்தார். வைகுந்தன் முன்னால் இரண்டு வீடியோ. இரண்டுக்கும் பதினொரு நாள் இடைவெளி. ஒன்றில், இடிந்த வீட்டின் முன்னால் ஒருத்தி இறந்துபோன பையனை மடியில் போட்டு அழுகிறாள். இன்னொன்றில், ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தி இறந்துபோன சிறுமியைத் தூக்கிவைத்து அழுகிறாள். இரண்டிலும் ஒரே முகம். இடது புருவத்தில் அதே தழும்பு.

மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. குரு வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. 'போலி. இரண்டிலும் ஒரே நடிகை' என்று எழுதி வெளியிட்டுவிட்டார். மதியத்துக்குள் லட்சம் பேர் பகிர்ந்தார்கள். அவள் அழுவதைப் போல அழுது காட்டிக்கூடச் சிலர் வீடியோ போட்டார்கள்.

குரு வாயில் பஞ்சோடு திரும்பினார்.

"மேடம், கையும் களவுமா பிடிச்சிட்டேன்!"

பியாட்ரிஸ் திரையைப் பார்த்தார்.

"சத்தத்தோட எப்பப் பாத்தீங்க?"

"நீங்கதானே அணைக்கச் சொன்னீங்க?"

"முதல்லன்னு சொன்னேன்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது வீடியோவைக் கேட்டார். அரபி அவருக்கு நன்றாகப் புரியும். கேட்டு முடித்ததும் பஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அதில் ரத்தம் இருந்தது.

"என்ன சொல்றா மேடம்?"

"'அவனைப் புதைச்ச மண்ணே இன்னும் காயல. அதுக்குள்ள இவளுமா?'ன்னு கேக்கறா."

வைகுந்தனுக்கே மூன்று பிள்ளைகள். ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கலாம், இரண்டும் போகலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இப்பவே மறுப்பு போட்டுடறேன். தப்பு என்னுதுன்னு எழுதிடறேன்."

"எழுதுங்க."

"அதையும் எல்லாரும் பகிருவாங்கல்ல மேடம்?"

குரு வீடியோவைக் கொஞ்சம் ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். அந்தப் பெண்ணின் அங்கியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு சின்னக் குழந்தை நின்றது. வைகுந்தன் அதைப் பார்த்திருந்தார். 'கூட்டத்தில் ஒரு குழந்தை' என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தார்.

"இது யாரு மேடம்?"

"கடைசிப் பொண்ணு. அம்மா, அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு."

வைகுந்தன் மறுப்பு எழுதத் தாளை இழுத்தார்.

"அந்த ஊர்ல இன்னும் குண்டு விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு சார்," என்றார் பியாட்ரிஸ். "நாளைக்கு இதையும் தூக்கிக்கிட்டு அவ வந்து நின்னா, யாரு நம்புவா?"