கொன்றைவனநாதர் வைத்த மொய் விருந்து

பந்தியில் உண்டவர் எழுந்து போன பிறகு, அந்த இலையைக் குனிந்து எடுப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொன்றைவனநாதர் எழுந்தருளியிருக்கும் கீழக்கொன்றையூர் என்னும் சிற்றூரில் முப்பது ஆண்டுகள் அப்படிக் குனிந்தவர் ஒருவர் இருந்தார். அடைக்கலம் என்பது பெற்றோர் இட்ட பெயர். ஊரார் ‘எலை அடைக்கலம்’ என்றார்கள். நமக்கு அந்த வாய் வராது. அடைக்கலனார் என்றே சொல்லிக்கொள்வோம்.

பொழுது விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். முன்மண்டபத்தைப் பெருக்குவார். வௌவால் எச்சத்தைச் சுரண்டிக் கழுவுவார். சன்னதியில் ஒரு விளக்கு ஏற்றுவார். பதிகம் பாட அவருக்குத் தெரியாது. உள்ளே நுழையும்போது “வந்துட்டேன் சாமி” என்பார். புறப்படும்போது “போயிட்டு வாரேன் சாமி” என்பார். அவருடைய பூசை அவ்வளவுதான். பிறகு எந்த ஊரில் விருந்தோ அந்த ஊருக்கு நடையைக் கட்டுவார்.

அந்தப் பக்கத்தில் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துக் காலம். கையில் பணம் இல்லாமல் திண்டாடுபவர்கள் ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர் கை கழுவிய ஈரத்தோடு மேசைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். மொய் எழுதுபவர் நோட்டில் எழுதிக்கொள்வார். நாளை அந்தப் பெயருக்கு உரியவர் விருந்து வைத்தால், வாங்கியவர் தம் வீட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைத்தாக வேண்டும். வைக்காதவர் பெயர் சுற்றுவட்டாரம் முழுக்க நாறிவிடும்.

இலை எடுத்து முடித்துக் கூலி வாங்கியதும் அடைக்கலனாரும் அந்த மேசைக்குப் போவார். தொடக்கத்தில் பத்து ரூபாய், பின்னாளில் ஐம்பது. முதன்முதலில் அவர் போய் நின்றபோது மொய் எழுத உட்கார்ந்திருந்தவர் நாடிமுத்து. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நாக்குதான் கொஞ்சம் நீளம்.

“பேரு?”

“கொன்றைவனநாதர்.”

நாடிமுத்து பேனாவைக் கீழே வைத்தார். “யோவ், ஒம் பேரச் சொல்லுய்யா.”

“சாமி பேர்லயே எழுதுங்கண்ணே. ஊர்ல அத்தன வீட்டுப் பேரும் நோட்டுல இருக்கு. அவரும் நம்மூர்க்காரருதானே? அவரு பேரு மட்டும் இல்லாட்டி நல்லாவா இருக்கும்?”

“அது சரி. சாமி எந்தக் காலத்துல விருந்து வச்சு, நீ எப்ப இதத் திருப்பி வாங்கப் போற?”

“அது அவரு பாடு.”

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நாலைந்து வருடம் ஓடியது. பிறகு சிரித்தவர்களுக்கே அலுத்துப்போயிற்று. அடைக்கலனாருக்கு மட்டும் அலுக்கவில்லை. ஒரு விருந்து தவறாமல் சாமி பேரில் எழுதிக்கொண்டே வந்தார். இப்படியாக, எண்பது கிராமத்து வீட்டு நோட்டுகளில் கொன்றைவனநாதர் பெயர் ஏறியது. அடைக்கலம் என்ற பெயர் ஒரு நோட்டிலும் இல்லை.

அவர் மனைவி வள்ளிக்கண்ணு அம்மையார் அதே விருந்துகளில் அண்டா தேய்ப்பார். பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு ஒருவர்தான் துணை. அந்த அம்மையாருக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் அண்டாவைத் தூக்கினால் வாங்கியது. பிறகு குடத்தைத் தூக்கினால். கடைசியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வாங்கியது.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இதயத்தின் வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைப்பது கடினம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் முறை வர நான்கு மாதம் ஆகும். தனியார் ஆஸ்பத்திரியிலோ காப்பீட்டு அட்டைக்குப் பாதிச் செலவுக்குத்தான் அனுமதி வந்தது. மீதி இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கையிலிருந்து கட்ட வேண்டும். அடைக்கலனார் கையில் இருந்தது திரும்பிப் போகப் பஸ் காசு மட்டும்.

அதற்குப் பிறகு அந்தத் தம்பதி அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. நோய் ஓர் உயிரைத் தின்றால் அலைச்சல் இரண்டு உயிரைத் தின்கிறது. காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய் டோக்கன் வாங்குவார்கள். அங்கே எடுத்த ஸ்கேன் இங்கே செல்லாது என்பார்கள். இன்னொரு கையெழுத்துக்கு இன்னொரு கவுன்ட்டர். அந்தக் கவுன்ட்டர்க்காரர் சாப்பிடப் போயிருப்பார். அம்மையாரின் கம்மல் பரிசோதனைகளுக்கே போய்விட்டது. குடியிருப்பது புறம்போக்கு என்பதால் வங்கி கடன் தராது. மூன்று அறக்கட்டளைகளுக்கு மனுப் போட்டார்கள். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நல்ல மனிதர், போனில் வீடியோ எடுத்துப் போட்டால் பணம் சேரும், ஆனால் அம்மா கொஞ்சம் அழுதால்தான் பார்ப்பவர் மனம் இளகும் என்றார்.

“அழுகுறதுக்கு மூச்சு வேணுமேப்பா,” என்றார் அம்மையார்.

இவ்வளவிலும் விளக்கு நிற்கவில்லை. எத்தனை மணிக்கு ஊர் திரும்பினாலும் அடைக்கலனார் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போனார். காலைத் தேய்த்துக்கொண்டு படியில் உட்காருவார். வரம் கேட்கவில்லை. “கால் வலிக்குது சாமி” என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். பாவம், அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பு இல்லை.

அந்த ஆடியில் எட்டு வீட்டார் சேர்ந்து ஒரே பந்தலில் மொய் விருந்து வைப்பதாக இருந்தது. வீட்டுக்கு ஒரு மேசை. முன்னின்று நடத்தியவர் அய்யாக்கண்ணு. அவர் அடைக்கலனாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஒன்பதாவதா நீயும் சேந்துக்க. ஆட்டுக்கு, அரிசிக்கு ஓம் பங்கு ஒண்ணும் வேணாம். எலைய மட்டும் எடுத்துரு. ஆனா ஒண்ணு, அப்பறம் என்னக் குத்தம் சொல்லப்படாது. நீ ஒருத்தனுக்கும் ஒம் பேர்ல மொய் வச்சதில்ல. எவன் வருவான்னு எனக்குத் தெரியாது.”

“வந்த மட்டும் வரட்டும்ணே,” என்றார் அடைக்கலனார்.

பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், விருந்து வைப்பவர்களின் பெயர்களைப் போனில் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் அடைக்கலனாரைக் கூப்பிட்டபோது அவர் கவுன்ட்டர் வரிசையில் நான்கு மணி நேரமாக நின்று கண் செருகிக்கொண்டிருந்தார்.

“ஐயா, மொய்க்கு. பேரு சொல்லுங்க.”

முப்பது வருடமாக இந்தக் கேள்விக்கு அவர் வாய் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. “கொன்றைவனநாதர்,” என்றார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

பத்திரிகை அச்சாகி, எண்பது கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டீக்கடையில் நாடிமுத்து உரக்கப் படித்தார். “ஒன்பது. கொன்றைவனநாதர், கீழக்கொன்றையூர். அடடடா! சாமிக்கே பணமுடை வந்துருச்சுடோய். கறிவிருந்து போடுறாராம், எல்லாரும் வந்துருங்க!”

கடையே அதிர்ந்தது. அடைக்கலனார் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அய்யாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். “புத்தி கெட்டுப்போச்சாய்யா ஒனக்கு? அடைக்கலம்னு போட்டிருந்தா, பரிதாபப்பட்டு நாலு பேராவது வந்திருப்பான். இனிமே ஆயிரம் பத்திரிகைய எவன் திருத்துறது?”

அடைக்கலனார் நேரே கோயிலுக்குப் போனார். பணம் வராது என்பதுகூட அப்போது அவருக்கு உறைக்கவில்லை. “தப்பு நடந்துபோச்சு சாமி. என் கஷ்டத்துல உங்களையும் தெருவுக்கு இழுத்து விட்டுட்டேன். ஊரே சிரிக்குது,” என்று விம்மி விம்மி அழுதார். அவ்வளவு நாள் தமக்காக அழாதவர் சாமிக்காக அழுதார்.

விருந்து நாள் வந்தது. ஒன்பதாவது மேசையில் ஒரு பித்தளைப் பானையும் ஒரு நோட்டும் வைத்திருந்தார்கள். எழுத நாடிமுத்துவை உட்கார வைத்தார்கள். “நல்ல எடமாப் பாத்துக் குடுத்தீங்க. ஒரு தூக்கம் போடலாம்,” என்று அவர் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். பந்தியோ நிறைந்துகொண்டே இருந்தது. அடைக்கலனார் மேசைப் பக்கமே திரும்பவில்லை. குனிந்த தலை நிமிராமல் இலை எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் பந்தி எழுந்தது. மேலத்தெருவிலிருந்து வந்திருந்த சிவகாமி ஆச்சி கை கழுவிவிட்டு, எட்டு மேசையையும் தாண்டி ஒன்பதாவது மேசைக்கு வந்தார். இடுப்பிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து விரித்தார்.

“இந்தா பாரு நாடிமுத்து, ஓங் கையெழுத்துதான். எங்க வீட்டுக்காரரு செத்துப்போன வருசம், கடன அடைக்க நான் விருந்து வச்சேன். அன்னிக்குச் சாமி பத்து ரூவா வச்சிருக்காரு. இருபத்தாறு வருசமாத் திருப்பிக் குடுக்க வழியில்லாம மனசுல கெடந்து உறுத்துது. அவரு கூப்புட்டாத்தானே குடுக்க முடியும்? இன்னிக்குத்தான் கூப்புட்டிருக்காரு.” இரண்டாயிரம் ரூபாயைப் பானையில் போட்டார். “எழுது.”

நாடிமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுதினார். தலை நிமிர்ந்தால் ஆச்சிக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் நோட்டு. பத்திரிகை கண்டதும், வழக்கப்படி ஒவ்வொரு வீட்டிலும் நோட்டைப் புரட்டியிருக்கிறார்கள். புரட்டிய நோட்டிலெல்லாம் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. மகள் காதுகுத்துக்குப் பத்து, கிணறு வெட்டியதற்கு இருபது, தீப்பிடித்த வீட்டைக் கட்டியதற்கு ஐம்பது. மனிதருக்கு வைக்காமல் இருந்தால் ஊர் பேசும். சாமிக்கு வைக்காமல் எந்த முகத்தோடு விளக்கு ஏற்றுவது? பத்துக்குப் பத்தைத் திருப்பி வைக்கவும் ஒருவருக்கும் கை வரவில்லை. ஆயிரம் வைத்தார்கள், ஐந்தாயிரமும் வைத்தார்கள்.

நாடிமுத்துவின் கை வலித்தது. நாலாம் பந்தி முடிந்தபோது வேறொருவரை உட்கார வைத்துவிட்டு எழுந்தார். தம் வீட்டு நோட்டிலும் அந்தப் பெயர் ஆறு இடத்தில் இருப்பது அவருக்குத் தெரியும், எழுதியவரே அவர்தானே. சட்டைப் பையில் இருந்ததை எண்ணாமல் பானையில் போட்டார். பிறகு இலைக் குழியருகே போய் நின்றார்.

“அடைக்கலம், போதும்யா, கூடையக் கீழ வையி. அங்க சாமி மொய் வாங்கிக்கிட்டிருக்காரு, நீ இங்க எலை எடுத்துக்கிட்டிருக்க.” நாடிமுத்துவே கூடையை வாங்கிக் கீழே வைத்தார். “நான் சிரிச்சதெல்லாம் மனசுல வச்சுக்காதய்யா.”

மொத்தம் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். பானையை அடைக்கலனார் முன் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

“இது சாமி பேர்ல வந்த பணம். நான் எப்புடித் தொடுவேன்? கோயில்ல சேத்துருங்க.”

மறுநாள் கட்டாவிட்டால் ஆபரேஷன் தேதி கைநழுவிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் கை நீளவில்லை.

தூண் ஓரம் நாற்காலியில் சாய்ந்திருந்த வள்ளிக்கண்ணு அம்மையார் கையைக் காட்டி அவரைக் கிட்டே கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார்.

“இங்க பாருங்க. எனக்கு வாதாடத் தெம்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விருந்து வச்சாரே, அவருக்கா ஆபரேஷன்?”

அடைக்கலனார் இல்லையென்று தலையசைத்தார்.

“எனக்குத்தானே? எனக்காகத்தானே பத்திரிகையில பேரு போட்டுக்கிட்டாரு, ஊரு சிரிச்சப்பவும் பேசாம இருந்தாரு? இப்பப் போயி அவரு மொகத்துல அடிச்ச மாதிரி வேணாம்பீங்களா?”

அடைக்கலனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். பானையை இரு கையாலும் கட்டிக்கொண்டு சிறுபிள்ளையாக அழுதார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நான்காம் கவுன்ட்டர் முன் நின்றார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பெண், திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“பேஷன்ட் வள்ளிக்கண்ணு. பணம் கட்டுறவர் பேரு?”

இந்த முறை தூக்கக் கலக்கம் இல்லை. நன்றாக யோசித்தே சொன்னார். “கொன்றைவனநாதர்.”

“பேஷன்டுக்கு என்ன உறவு?”

அடைக்கலனார் கவுன்ட்டர் பக்கம் குனிந்தார்.

“எங்கூர்க்காரரு,” என்றார்.

அவள் அப்படியே அடித்து ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் வாரம் அம்மையார் தம் காலால் நடந்து கோயில் படி ஏறினார். “வந்துட்டோம் சாமி,” என்றார்கள் இருவரும். அடைக்கலனார் அந்த ரசீதைச் சன்னதியில் வைத்து எடுத்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த விருந்துக்கு அவர் மறுபடியும் இலை எடுக்கப் போய்விட்டார். சாமிக்கு இப்போது எண்பது கிராமத்திலும் திருப்பி வைக்க வேண்டிய மொய் இருக்கிறதல்லவா? தமக்கென்று ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாத அந்த நல்லவர் எடுத்த எச்சில் இலைக்கும் ஒரு வணக்கம்.