மடுவாச்சியின் கண்ணீர்

நாணல் மடுவில் மடுவாச்சி என்றொரு முதலை இருந்தாள். கரைமேட்டில் குழி பறித்து, முப்பது முட்டை இட்டு, மண்ணால் மூடி, இரண்டு மாதமாக அரைப்பட்டினியோடு காவல் காத்துவந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துச் சொக்கி என்ற கிளி காட்டுக்குத் திரும்பி வந்தது. நகரத்தில் ஓர் ஆங்கில வாத்தியார் வீட்டுக் கூண்டில் மூன்று வருஷம் இருந்த கிளி அது. அவர் நடத்திய பாடமெல்லாம் அதற்கு மனப்பாடம்.

“ஆங்கிலத்தில் உங்களை வைத்து என்னவெல்லாம் சொல்கிறார்கள் தெரியுமா?” என்றது.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. எல்லோரும் மருத மரத்தடியில் கூடிவிட்டார்கள்.

“என்னைப் பற்றி?” என்று பயந்துகொண்டே கேட்டது ஆந்தை. அலறினால் சாவு விழும் என்று காலம் காலமாகத் திட்டு வாங்கிய பறவை.

“அங்கே அறிவாளி என்றாலே நீங்கள்தான் ஐயா!”

ஆந்தைக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் காட்டுக்கே நியாயம் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

“என்னைப் பற்றி?” என்றது காட்டுப்பன்றி.

“கண்டதையும் வாரி விழுங்குகிற பெருந்தீனிக்காரன்!”

“அட போ! நான் தின்பது நாலு கிழங்கு. என்னைப் பார்க்காதவன் சொன்ன பேச்சு!”

“முதலையைப் பற்றி?” என்று மறுபடி கேட்டது பன்றி.

“பொய்யாக அழுதால் அதற்குப் பேரே முதலைக் கண்ணீர்தான்! இரையைக் கவ்விக்கொண்டே அழுமாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். பன்றிதான் அதிகமாகச் சிரித்தது. மடுவாச்சி முட்டை மேட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

சில நாளில் திடீர் மழை பெய்தது. பிறகு வெயில் கொளுத்தியது. முட்டைகளின் மேலிருந்த களிமண் பாறையாக இறுகிப்போனது.

ஒரு காலையில் மண்ணுக்கடியிலிருந்து ‘கீச், கீச்’ என்று சத்தம் கேட்டது. பொரிந்த குஞ்சுகள் தாயைக் கூப்பிட்டன. உடனே தோண்டாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மடுவாச்சி தோண்டப் பார்த்தாள். தூண்டில் முள் ஏறிய முன்கால் வீங்கிக் கிடந்தது. மண் அசையவில்லை.

அவள் கரையோரம் போய்ப் பன்றியிடம் அழுதாள்.

“தம்பி, உன்னைப்போல மண் கிளற இந்தக் காட்டில் ஆள் இல்லை. என் பிள்ளைகள் புதைந்து கிடக்கிறார்கள். வாப்பா!”

“அழாதேக்கா. உன் கண்ணீர்க் கதைதான் எனக்குத் தெரியுமே!”

“உன்னைப் பெருந்தீனிக்காரன் என்றார்களே, அது நிஜமா தம்பி?”

பன்றி திகைத்து நின்றது. அதன் காதிலும் அந்தக் கீச்சுக் குரல் விழுந்தது. மேட்டை நோக்கி இரண்டடி வைத்தது.

“நில்!” என்றது மரத்திலிருந்த ஆந்தை. “முதலை அழுதால் எங்கோ இரை காத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இரை நீதான்!”

அறிவாளி சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? பன்றி திரும்பிவிட்டது.

மடுவாச்சி ஒற்றைக் காலாலும் மூஞ்சியாலும் தோண்டினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. உள்ளே குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! உச்சிவேளையில் மண் விட்டபோது மூன்று குஞ்சுகள்தான் உயிரோடு இருந்தன. மூன்றையும் வாயில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு நடந்தாள்.

“பார்த்தீர்களா, பெற்ற பிள்ளைகளையே தின்கிறாள்!” என்று கத்தியது சொக்கி.

மடுவாச்சி தண்ணீரில் இறங்கி வாயைத் திறந்தாள். மூன்றும் நீந்தி வெளியே வந்து அவள் முதுகில் ஏறிக்கொண்டன. ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது.

பன்றி ஓடிப்போய் மேட்டைக் கிளறியது. இருபத்தேழு குஞ்சுகளும் விறைத்துக் கிடந்தன. அது ‘ஓ’வென்று அழுதது.

“அக்கா, என்னை மன்னித்துவிடு!”

மடுவாச்சி திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டும் மிச்சமில்லை.

“இத்தனை பிள்ளை போயும் அழவில்லையே! கல்நெஞ்சுக்காரி!” என்றது கிளி.

ஒருவருக்கு ஊர் வைத்த பேரை நம்பி அவர் கண்ணீரைத் தள்ளிவிட்டால், பின்னால் நாம் எவ்வளவு அழுதாலும் போன உயிர் திரும்பாது.