ஒரு செல்லின் சாவு

“தட்டு ரெண்டும் மாறிப்போச்சு மேடம்,” என்றார் குணாளன்.

குணாளன் குழந்தை மருத்துவர். ஐம்பதைத் தாண்டியவர். தன் வார்டில் ஒரு வைரஸ் காய்ச்சலில் குழந்தைகள் இறப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஆராய்ச்சி கற்றுக்கொள்ள தில்ஷாத்தின் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். தில்ஷாத் வயதில் இளையவர். ஆனால் அங்கே அவர்தான் ஆசான்.

குணாளனின் கணக்கு எளிமையானது. வைரஸ் புகுந்த செல்கள் சாகின்றன. சாகவிடாமல் தடுக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. செல் பிழைத்தால் குழந்தை பிழைக்கும்.

இரண்டு தட்டுகளில் செல்களை வளர்த்து, இரண்டிலும் வைரஸை விட்டார். ஒன்றில் மட்டும் மருந்து.

மறுநாள், மருந்து இல்லாத தட்டில் அங்கங்கே சில செல்கள்தான் இறந்திருந்தன. மருந்து போட்ட தட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருப்பேன் என்று குணாளன் சாதித்தார். தில்ஷாத் மறுக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னார். இந்த முறை வைரஸ் பச்சையாக ஒளிரும்படி செய்து, நுண்ணோக்கியில் கேமராவையும் பொருத்திக் கொடுத்தார்.

அந்தப் படத்தை இருவரும் வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள்.

முதலில் மருந்து இல்லாத தட்டு. ஒரு செல்லுக்குள் பச்சைப் புள்ளி தெரிந்தது. உடனே அந்தச் செல் சுருங்கியது. துண்டு துண்டாக உடைந்தது. பக்கத்துச் செல் துண்டுகளை விழுங்கியது. பச்சை அணைந்தது.

குணாளன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“வைரஸ் இன்னும் பெருகவே இல்லையே மேடம். அதுக்குள்ள செத்துடுச்சே.”

“அப்ப யார் கொன்னது?”

குணாளன் திரும்ப ஓட்டச் சொன்னார். இன்னொரு முறையும் ஓட்டச் சொன்னார்.

“தானே சாகுது,” என்றார் மெதுவாக. “வைரஸுக்கு இடம் கொடுக்காம, தானே சாகுது.”

தில்ஷாத் அடுத்த படத்தைப் போட்டார். மருந்து போட்ட தட்டு. பச்சைப் புள்ளி விழுந்த செல் உடையவில்லை. முழுசாக இருந்தது. உள்ளே பச்சை ஏறிக்கொண்டே போனது.

“செல் பிழைச்சிருக்கு டாக்டர். உங்க மருந்து வேலை செய்யுது.”

செல் வெடித்தது. பச்சை எட்டுத் திசையும் சிதறியது. அடுத்த செல், அதற்கடுத்த செல். திரை முழுக்கப் பச்சை.

“யாரைக் காப்பாத்துச்சு?” என்று கேட்டார் தில்ஷாத்.

குணாளன் எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. உட்கார முடியவில்லை.

“மேடம், வைரஸ் புகுந்த செல்லை இன்னும் சீக்கிரமா சாகவைக்க ஏதாவது மருந்து இருக்கா?”